ஐம்பதுகளின் பிரித்தானிய ஜாஸ் இசைத்தட்டுகள்: சேகரிப்பும் பகிர்வும்

அரக்குப்பெட்டி (லண்டன்) எழுதியது:

வணக்கம். எங்கள் தெருவின் கோடி வீட்டில் நெடுங்காலம் குடியிருந்த ஆங்கிலேயப் பெரியவர் ஒருவர், சென்ற மாதம் முதியோர் இல்லத்துக்குப் போகும் முன், இளவயதில் வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகளை இரண்டு மரப்பெட்டிகளில் அடுக்கி என்னிடம் ஒப்படைத்தார். விற்கக் கூடாது, கேட்க விரும்புகிறவர்களுக்குக் கேட்கக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே அவர் விதித்த நிபந்தனை. எண்ணிப் பார்த்தேன், 73 தட்டுகள் இருக்கின்றன. பாதிக்கு மேல், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகள். மற்றவை பத்து அங்குல எல்.பி.க்களும் (ஒரு பக்கத்தில் பல உருப்படிகள் அடங்கும் வினைல் தட்டுகள்), சில பன்னிரண்டு அங்குலத் தட்டுகளும், ஏழு அங்குல இ.பி.க்களும் (சில உருப்படிகள் மட்டும் கொண்ட சிறு தட்டுகள்).

மேலாகப் பார்த்தபோது கண்ணில் பட்டவற்றைச் சொல்கிறேன். பார்லபோன் நிறுவனம் வெளியிட்ட, டிரம்பெட் கலைஞர் ஹம்ஃப்ரி லிட்டில்டனின் தட்டுகள் ஒன்பது. அவற்றில் 1956ஆம் ஆண்டின் 'பேட் பென்னி ப்ளூஸ்' 78 தட்டாகவே இருக்கிறது. டெக்கா வெளியிட்ட கென் காலியரின் 'நியூ ஆர்லியன்ஸ் டு லண்டன்', கிறிஸ் பார்பரின் 'நியூ ஆர்லியன்ஸ் ஜாய்ஸ்' ஆகிய பத்து அங்குலத் தட்டுகள். எஸ்குயர் நிறுவனத்தின் ஜானி டாங்க்வொர்த் தட்டுகள் நான்கு. நிக்ஸா வெளியிட்ட சாண்டி பிரவுனின் 'மெக்ஜாஸ்'. டெம்போ நிறுவனத்தின் 'ஜாஸ் கூரியர்ஸ் இன் கான்செர்ட்'. பல 78 தட்டுகளின் காகித உறைகளில், வலப்பக்க மூலையில், பென்சிலால் சிறு கோடுகள் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. அவை எதைக் குறிக்கின்றன என்று எனக்கு விளங்கவில்லை.

இவற்றைக் கணினிக்கு மாற்றிப் பலருக்கும் கேட்கக் கொடுக்க விரும்புகிறேன். எப்படி மாற்றுவது, எந்த அளவுக்குப் பகிரச் சட்டம் இடம் தருகிறது, இரைச்சலை நீக்கிக் கொடுப்பதா, உள்ளபடி கொடுப்பதா என்பவற்றில் உங்கள் அனுபவம் எனக்கு வேண்டும்.

பத்தங்குலம் (பர்மிங்காம்) எழுதியது:

தம்பி, அந்தப் பெட்டியில் பழைய பாணிக் காலியரும் நவீன பாணி டெம்போவும் ஒன்றாக இருக்கின்றன என்பதே என்னைத் திகைக்க வைக்கிறது. ஐம்பதுகளில் இந்த நாட்டின் ஜாஸ் ரசிகர்கள் இரண்டு முகாம்களாகப் பிரிந்து கிடந்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் பழைய பாணியே மெய்யான ஜாஸ் என்று ஒரு சாராரும், பீபாப் என்ற நாற்பதுகளின் அமெரிக்கப் புதுப்பாணி வழியில் வந்த நவீன பாணியே ஜாஸ் என்று மற்றவர்களும் உறுதியாக நம்பினார்கள். லிட்டில்டன் 1953இல் புரூஸ் டர்னர் என்ற ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞரைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டபோது, எங்கள் ஊர் டவுன் ஹாலில் நடந்த கச்சேரியில், 'அழுக்குப் பீபாப்காரனே, வீட்டுக்குப் போ' என்ற பொருள்படும் துணிப்பதாகையை ரசிகர்கள் விரித்துப் பிடித்தார்கள். ஒரு பழைய பாணிக் குழுவில் சாக்ஸபோன் இடம்பெற்றதற்கே அவ்வளவு சினம். இரண்டு முகாம்களின் தட்டுகளையும் ஒரே பெட்டியில் வைத்திருந்தவர் காது திறந்து கேட்டவராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவரிடம் பேச இன்னும் வாய்ப்பு இருக்குமானால், தட்டுகளைப் பற்றி மட்டுமின்றி, எந்தக் கடையில் வாங்கினார், எந்தக் கூடத்தில் கேட்டார் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து அங்குல எல்.பி.யைப் பற்றி ஒரு சொல். டெக்கா இந்நாட்டில் எல்.பி.க்களை வெளியிடத் தொடங்கியது 1950 ஜூன் மாதம், பார்லபோனை உள்ளடக்கிய இ.எம்.ஐ. குழுமம் 1952 அக்டோபர் வரை காத்திருந்தது. முதல் சில ஆண்டுகளில், பன்னிரண்டு அங்குலத் தட்டு பெரும்பாலும் செவ்வியல் இசைக்கு உரியதாகவும், பத்து அங்குலத் தட்டு ஜாஸுக்கும் மெல்லிசைக்கும் உரியதாகவும் கருதப்பட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு உருப்படிகள்தான் அடங்கும். ஆதலால் இசைக்குழுவும் தயாரிப்பாளரும் தேர்ந்தெடுத்துத்தான் பதிந்தார்கள். சும்மா இடம் நிரப்பிய உருப்படிகளை இந்தத் தட்டுகளில் நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

காலியரின் அந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு கடற்பயணம் இருக்கிறது. அமெரிக்கக் கலைஞர்கள் இங்கே வந்து வாசிப்பதற்கு 1935 முதல் 1956 வரை ஏறக்குறைய முழுத் தடை இருந்தது. இசைக்கலைஞர் சங்கத்தின் நிலைப்பாடும் தொழிலாளர் அமைச்சின் அனுமதி மறுப்பும் சேர்ந்து விளைவித்த தடை அது. ஆகவே இங்குள்ள இளைஞர்கள் ஜாஸைக் கற்றது தட்டுகளிலிருந்துதான். காலியர் அதனால் நிறைவு கொள்ளாமல், வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, 1952இல் நியூ ஆர்லியன்ஸுக்கே போய், அங்குள்ள மூத்த கலைஞர்களோடு அமர்ந்து வாசித்தார். அனுமதிக் காலம் கடந்து தங்கியதால் சிறையில் அடைக்கப்பட்டு, 1953இல் திருப்பி அனுப்பப்பட்டார். திரும்பிய அதே ஆண்டில் பார்பர், மான்ட்டி சன்ஷைன், லானி டானகன் ஆகியோருடன் அவர் பதிந்ததே உங்களிடம் இருக்கும் தட்டு. அடுத்த ஆண்டே குழு பிளவுபட்டது. மற்றவர்கள் பார்பரின் தலைமையில் பதிந்த 'நியூ ஆர்லியன்ஸ் ஜாய்ஸ்' தட்டில்தான் டானகன் பாடிய 'ராக் ஐலண்டு லைன்' இருக்கிறது. அது பிறகு தனித்தட்டாக வெளிவந்து, இந்த நாட்டில் ஒரு தலைமுறையையே கிதார் எடுக்க வைத்தது. டானகனுக்குக் கிடைத்ததோ பதிவு நாளுக்கான ஊதியம் மட்டும்.

ஊசிமுனை (கோயம்புத்தூர்) எழுதியது:

எல்லாவற்றுக்கும் முன் ஓர் எச்சரிக்கை. அரக்குத் தட்டுகளை ஆல்கஹால் கலந்த எந்தத் திரவத்தாலும் துடைத்துவிடாதீர்கள். வினைல் தட்டுகளுக்கென்று கடைகளில் விற்கும் கரைசல்களில் பெரும்பாலும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இருக்கும். அரக்கு ஆல்கஹாலில் கரையும். தச்சர்கள் மெருகெண்ணெய் தயாரிப்பதே அந்த முறையில்தானே. ஒரு தடவை துடைத்தால் போதும், பள்ளங்களின் ஓரம் மழுங்கி, தட்டின் மேல் சாம்பல் நிறத் திரை படிந்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் மென்மையான பாத்திரச் சோப்பு இரண்டு துளி விட்டு, மெல்லிய தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, லேபிளில் ஈரம் படாமல் பார்த்து, உடனே உலர்த்துங்கள்.

அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டிலிருந்து போனது. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாசு, குசும்ப மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசினைச் சுரண்டி, உருக்கி, தகடாக்கி ஏற்றுமதி செய்தார்கள். தட்டின் எடையில் அரக்கைவிடக் கல்தூளே மிகுதி. அதனால்தான் புத்தம் புதிய 78 தட்டிலும் அந்தச் சரசரப்புக் கேட்கிறது. வினைல் தட்டில் அந்தக் கல்தூள் இல்லை.

அடுத்தது ஊசி. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு முனை கொண்ட ஊசி வேண்டும். எல்.பி.க்கு ஆயிரத்தில் ஒரு பங்கு. எல்.பி. ஊசியை 78 தட்டின் மேல் வைத்தால், அது பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே எழுபது ஆண்டுகளாகப் படிந்த அழுக்கைத்தான் வாசிக்கும். ஒற்றையொலித் தட்டுகளை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசிப்பிடியில்) வாசித்தாலும், இரண்டு தடங்களையும் பதிந்து, பிறகு ஒன்றாகக் கூட்டிவிடுங்கள். இந்தத் தட்டுகளில் இசை பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமான அசைவில் இருப்பதெல்லாம் இரைச்சல். கூட்டும்போது அந்தப் பாதி தானே விழுந்துவிடும். பதிவை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் சேமித்து, அந்தக் கோப்பைத் தொடாமல் வையுங்கள். திருத்தங்கள் எல்லாம் அதன் நகலில்.

இரவுக்கூடம் (ஹாரோ) எழுதியது:

டெம்போவின் 'இன் கான்செர்ட்' தட்டு உங்களிடம் இருக்கிறது என்று படித்ததும் என் கை நடுங்கியது. 1958 பிப்ரவரி 16 அன்று லண்டன் டாட்டனம் கோர்ட் சாலை டொமினியன் அரங்கில், அமெரிக்காவிலிருந்து வந்த டேவ் புருபெக்கின் குழு வாசித்த அதே மேடையில், ரானி ஸ்காட்டும் டபி ஹேஸும் தங்கள் இரண்டு டெனர் சாக்ஸபோன்களோடு நின்று வாசித்த கச்சேரி அது. ஹேஸுக்கு அப்போது வயது 23. ஜாஸ் கூரியர்ஸ் என்ற அவர்கள் குழு 1957 ஏப்ரலில் தொடங்கி 1959 ஆகஸ்டில் கலைந்தது. கலைந்த இரண்டே மாதங்களில், அக்டோபர் 30 அன்று, ஸ்காட் ஜெரார்டு தெரு 39ஆம் எண் கட்டடத்தின் அடித்தளத்தில் தம் ஜாஸ் கூடத்தைத் திறந்தார்.

டெம்போவில் நவீன ஜாஸைப் பதியும் பொறுப்பு டோனி ஹால் என்பவரிடம் இருந்தது. ஹேஸ், ஸ்காட், விக்டர் ஃபெல்ட்மன், ஜிம்மி டூக்கர், ஜமைக்காவிலிருந்து வந்த டிஸ்ஸி ரீஸ் ஆகியோரின் ஆரம்பகால வாசிப்பு நமக்கு மிஞ்சியிருப்பது அவரால்தான். ரீஸின் 'ப்ளூஸ் இன் டிரினிட்டி' தட்டையும் 1958இல் லண்டனிலேயே பதிந்து அமெரிக்காவின் ப்ளூ நோட் நிறுவனத்துக்குக் கொடுத்தவர் அவரே. அக்காலத்தில் டெம்போ தட்டுகள் குறைவாகவே விற்றன. அதனால்தான் இன்று நல்ல நிலையில் உள்ள ஒரு டெம்போ எல்.பி. நூற்றுக்கணக்கான பவுண்டுகளுக்குக் கைமாறுகிறது. வாங்குகிறவர்களில் பலர் அதை வாசிப்பதே இல்லை. நெகிழி உறைக்குள் இட்டு அலமாரியில் பூட்டிவிடுகிறார்கள். இது எனக்குப் பெரும் வருத்தம். ஹேஸ் முப்பத்தெட்டு வயதில் இறந்தார். அவர் ஊதிய மூச்சு அந்தப் பள்ளங்களில் இருக்கிறது. அது காற்றில் வெளிப்பட வேண்டும் என்றுதான் உங்கள் பெரியவரும் நினைத்திருக்கிறார்.

முதல் அச்சா என்று அறிய, தட்டைச் சாய்த்து விளக்கொளியில் பாருங்கள். இசை முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் இடையே வெற்று வளையம் இருக்கும். ஆறு மணித் திசையில் பதிவெண். மூன்று மணித் திசையில் ஓர் எழுத்தோ இரண்டு மூன்று எழுத்துகளோ இருக்கும். டெக்கா ஆலையில் அச்சான தட்டுகளுக்கு அது 'பக்கிங்ஹாம்' என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துகளைக் கொண்ட சங்கேதம்: பி என்றால் ஒன்று, யு என்றால் இரண்டு, கடைசி எழுத்தான எம் என்றால் சுழி. அச்சு வார்ப்பு எத்தனையாவது என்பதை அந்த எழுத்துகள் சொல்லும். இ.எம்.ஐ. ஆலைத் தட்டுகளுக்கு 'கிராமஃபோன் லிமிடெட்' என்பதன் சுருக்கமான ஜி, ஆர், ஏ, எம், ஓ, பி, எச், எல், டி, டி என்ற வரிசை.

அரக்குப்பெட்டி எழுதியது:

மூவருக்கும் நன்றி. டெம்போ தட்டில் மூன்று மணித் திசையில், பக்கிங்ஹாமின் முதல் எழுத்தான பி மட்டுமே இருக்கிறது. பேட் பென்னி ப்ளூஸ் தட்டின் உறையில்தான் பென்சில் கோடுகள் மிகுதி: நாற்பத்தொன்று.

ஏடும்எழுத்தும் (சென்னை) எழுதியது:

சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். இத்தகைய விவாதங்களில் பலரும் ஓர் உரிமையை மட்டும் எண்ணிக்கொண்டு பேசுவதால், இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

முதலாவது ஒலிப்பதிவின் உரிமை. பிரித்தானியாவில் அது வெளியான ஆண்டிலிருந்து 50 ஆண்டுகளாக இருந்து, 2013 நவம்பர் 1 முதல் 70 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. ஆனால் அந்த நாளுக்கு முன்பே காலாவதியானவற்றுக்கு அந்த நீட்டிப்பு மறுவாழ்வு தரவில்லை. ஆகவே 1962 முடிய வெளியான தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை அங்கே முடிந்துவிட்டது. உங்கள் பெட்டியில் உள்ள அனைத்தும் இதில் அடங்கும். அப்போது பதிந்து அப்போதே வெளியிடாதவற்றின் கணக்கு வேறு: 1958இல் பதிந்த நாடா ஒன்று 1990இல்தான் முதன்முறை வெளியானது என்றால், அதன் உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. எனவே பிற்காலக் குறுந்தகடுகளில் 'இதுவரை வெளிவராத பதிவு' என்று சேர்க்கப்பட்டவற்றை எடுத்துப் பகிராதீர்கள். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்; 1959ஆம் ஆண்டுத் தட்டுகள் 2019 முடிவோடு விடுபட்டன. அமெரிக்காவில் நிலைமை முற்றிலும் வேறு: 1947 முதல் 1956 வரை வெளியானவற்றுக்கு 110 ஆண்டுகள், 1957 முதல் 1972 பிப்ரவரி நடுப்பகுதி வரையிலான எல்லாவற்றுக்கும் 2067 பிப்ரவரி வரை காப்பு உண்டு. ஆகவே கோப்புகளை எந்த நாட்டுச் சேவையகத்தில் வைக்கிறீர்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இரண்டாவது, இயற்றியவரின் உரிமை. பிரித்தானியாவில் இது அவர் மறைந்த ஆண்டிலிருந்து 70 ஆண்டுகள். லிட்டில்டன் 2008இல் மறைந்தார். ஆகவே பேட் பென்னி ப்ளூஸ் என்ற உருப்படி, பதிவு விடுபட்டிருந்தாலும், 2078 முடிய உரிமைக்கு உட்பட்டது. ஒரே தட்டில் இந்த வேறுபாட்டைக் காணலாம். நியூ ஆர்லியன்ஸ் ஜாய்ஸ் தட்டில் உள்ள 'சைம்ஸ் ப்ளூஸ்' கிங் ஆலிவர் இயற்றியது. அவர் 1938இல் மறைந்தார், ஆகவே தடையில்லை. அதே தட்டில் உள்ள 'ஸ்டீவடோர் ஸ்டாம்ப்' எல்லிங்டனுடையது. அவர் மறைந்தது 1974இல், எனவே குறைந்தது 2044 வரை காத்திருக்க வேண்டும், அல்லது இயற்றியவர் உரிமைகளை நிர்வகிக்கும் அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். இசைக்கலைஞர்களின் வாரிசுகளுக்குச் சேர வேண்டிய சிறுதொகை அது. அதை மறுப்பது முறையாகாது. உறைக் குறிப்புகளுக்கும் படங்களுக்கும் தனி உரிமை உண்டு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

வெண்கலக்குழல் (டொராண்டோ) எழுதியது:

பகிர்வதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஓர் இழப்பையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். இந்தத் தட்டுகளைப் பெரு நிறுவனங்கள் கைவிட்டிருந்த காலத்தில், கும்ப்ரியாவின் லேக் போன்ற மிகச் சிறிய நிறுவனங்கள்தான், நல்ல பிரதிகளைத் தேடிப் பிடித்து, பொறுமையாகத் தூய்மை செய்து, குழுவினர் பெயர், பதிவு நாள் எல்லாம் சரிபார்த்துக் குறுந்தகடுகளாக வெளியிட்டன. சட்டம் இடம் தருகிறது என்பதற்காக, அவர்கள் உழைத்துத் தயாரித்த குறுந்தகட்டிலிருந்தே எடுத்து இணையத்தில் கொட்டுகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். தட்டு உங்களுடையதாக, மாற்றியது நீங்களாக இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச நேர்மை.

இரைச்சல் நீக்கத்தில், ஊசிமுனை அவர்கள் சொன்ன தொடாத கோப்பு மட்டும் போதாது என்பது என் கருத்து. தொடாமல் வைத்த பதிவு ஆவணக் காப்பகத்துக்குப் பொருந்தும். ஆனால் இந்த இசையை முதன்முறை கேட்க வருகிற இருபது வயதுப் பெண்ணோ பையனோ, சரசரப்பைக் கேட்டதும் அரை நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்கள். என் மகள் போயிருக்கிறாள். அவர்கள் காதுக்குத் தக்கபடி தூய்மை செய்து கொடுப்பதுதான் பெரியவரின் 'கேட்கிறவர்களுக்குக் கொடு' என்ற சொல்லுக்குப் பொருள்.

அரக்குப்பெட்டி எழுதியது:

வெண்கலக்குழல் அவர்கள் சொன்னது நியாயமாகத் தோன்றியதால், நேற்றிரவு பேட் பென்னி ப்ளூஸை மாற்றி, கணினியில் இரைச்சல் நீக்க மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். தட்டின் தொடக்கத்தில் இசை இல்லாத ஒன்றரை நொடியை மாதிரியாகக் கொடுத்து, அதே தன்மையுள்ள ஒலியை முழுப் பதிவிலிருந்தும் கழிக்கச் சொன்னேன். சரசரப்பு மறைந்தது, பியானோ தெளிவாக எழுந்தது, டிரம்பெட் பளிச்சென்று வந்தது. மகிழ்ச்சியோடு மூன்று முறை கேட்டேன். நான்காம் முறை மூலப் பதிவைப் பக்கத்தில் வைத்துக் கேட்டபோதுதான், டிரம்ஸ் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது தெரிந்தது. பியானோவின் இடக்கை தனியாக நடந்துகொண்டிருந்தது. அதன் கூடவே இருந்த, டிரம்ஸை உரசும் கம்பித் துடைப்பங்களின் சீற்றம் எங்கோ தொலைவில் ஒரு நிழலாகக் கேட்டது. நான் ஏதாவது தவறாகச் செய்தேனா?

பத்தங்குலம் எழுதியது:

தம்பி, நீங்கள் நீக்கியது அந்தத் தட்டின் உயிரையே. 1956 ஏப்ரலில் அந்தப் பதிவின் ஒலிப்பொறியாளராக இருந்தவர் ஜோ மீக். தயாரிப்பாளர் டெனிஸ் பிரெஸ்டன். ஸ்டான் கிரெக் டிரம்ஸில் கம்பித் துடைப்பங்களால் வாசித்ததை, அக்கால வழக்கத்துக்கு மாறாக, மீக் மிக முன்னால் இழுத்துப் பதிந்தார். ஜானி பார்க்கரின் பியானோ இடக்கையையும் வேண்டுமென்றே அழுத்தி, தடிப்பாக்கினார். லிட்டில்டன் அப்போது விடுமுறைக்குப் போய்விட்டதால் தட்டு அப்படியே வெளிவந்தது. உடனிருந்து கேட்டிருந்தால் தாம் சம்மதித்திருக்க மாட்டார் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அது விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடம் வரை ஏறியது. ஒரு பிரித்தானிய ஜாஸ் குழுவின் தட்டு முதல் இருபதுக்குள் நுழைந்தது அதுவே முதன்முறை.

ஊசிமுனை எழுதியது:

காரணம் எளிது. கம்பித் துடைப்பம் தோலில் உரசும் ஒலியும், ஊசி கல்தூளில் உரசும் ஒலியும், அலைவரிசைப் பரவலில் ஏறக்குறைய ஒன்று. மனிதக் காது தாளத்தை வைத்து இரண்டையும் பிரித்துக்கொள்கிறது. மென்பொருளுக்குத் தாளம் தெரியாது. சீற்றமாக இருப்பதையெல்லாம் சீற்றம் என்றே கழிக்கிறது. ஆகவே தொடர் இரைச்சலைத் தொடாதீர்கள். திடீரென்று தெறிக்கும் கீறல் ஒலிகளை மட்டும், ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, கையால் நீக்குங்கள். மூன்று நிமிடத் தட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். எந்த ஒலிச்சமன் வளைவில் (பதியும்போது மாற்றிய தாழ், உச்ச சுரங்களின் அளவை வாசிக்கும்போது ஈடுசெய்யும் முறை) மாற்றினீர்கள்? எல்.பி.க்கு உரிய ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவிலேயே பழைய இ.எம்.ஐ. 78 தட்டை வாசித்தால், தாழ்சுரங்கள் அளவுக்கு மீறி வீங்கும், உச்சங்கள் மங்கும். மீக் தடிப்பாக்கிய இடக்கையை நீங்கள் இன்னும் தடிப்பாக்கி, அவர் முன்னிழுத்த துடைப்பத்தைப் பின்னே தள்ளியிருக்கக்கூடும். ஐம்பதுகளின் நடுவில் வளைவுகள் மாறிக்கொண்டிருந்தன. எனவே வளைவு எதுவும் இல்லாமல் பதிந்து, பிறகு கணினியில் இரண்டு மூன்று வளைவுகளை வைத்துக் காதால் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்ததைக் கோப்பின் குறிப்பில் எழுதுங்கள்.

வெண்கலக்குழல் எழுதியது:

துடைப்பத்தின் எடுத்துக்காட்டுக்கு என்னிடம் மறுமொழி இல்லை, ஏற்றுக்கொள்கிறேன். என் குறுந்தகட்டை எடுத்துக் கேட்டேன், அதில் துடைப்பம் முழுதாக இருக்கிறது. செய்தவர்கள் கையால்தான் செய்திருக்க வேண்டும். ஆனாலும் இரண்டு கோப்புகள் கொடுங்கள் என்றே கேட்பேன். தொடாத ஒன்று, கீறல் மட்டும் நீக்கிய ஒன்று.

இரவுக்கூடம் எழுதியது:

உரிமச் சிக்கல் உள்ளவற்றுக்குத் தட்டையே நண்பர்களிடையே இரவல் கொடுப்பது ஒரு வழி. நாங்கள் ஆறு பேர் ஹாரோவில் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடி அப்படித்தான் கேட்கிறோம். அஞ்சலில் மட்டும் அனுப்பாதீர்கள். சென்ற ஆண்டு வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் சாண்டி பிரவுனின் 78 தட்டு ஒன்றை வாங்கினேன். அவர் அதை இரண்டு செய்தித்தாள்களுக்கு இடையே மட்டும் வைத்து அனுப்பியிருந்தார். உறையைக் கையில் வாங்கியபோதே உள்ளே சில்லுகள் உரசும் ஒலி கேட்டது. ஐந்து துண்டுகள். அவற்றை எறிய மனமில்லாமல் இன்னும் வைத்திருக்கிறேன். அனுப்பியே ஆக வேண்டுமென்றால், தட்டைவிட ஓர் அங்குலம் பெரிய கெட்டி அட்டைகள் இரண்டுக்கு நடுவே வைத்துக் கட்டி, அதைப் பெரிய பெட்டியின் நடுவில், எல்லாப் பக்கமும் மெத்தென்று அடைத்து, அனுப்புங்கள்.

பிரவுனின் பெயர் வந்ததால் ஒன்று. அந்த எடின்பரோ கிளாரினெட் கலைஞர் பிறந்தது 1929இல், பரேலிக்கு அருகிலுள்ள இசத்நகரில். பிழைப்புக்கு ஒலியமைப்புப் பொறியாளர், பி.பி.சி.யின் ஒலிப்பதிவுக் கூடங்களுக்காகப் பணியாற்றியவர். மெக்ஜாஸை மாற்றும்போது கிளாரினெட்டின் தாழ்பகுதியைக் கவனித்துக் கேளுங்கள்; அந்தக் கரகரப்பு அவருடையது, தட்டின் குறை அன்று.

அரக்குப்பெட்டி எழுதியது:

வேகத்தைப் பற்றி ஒரு கேள்வி. என் சுழல்மேடை 78 என்று காட்டுகிறது; அதுவே போதுமா?

ஊசிமுனை எழுதியது:

மிகச் சரியான எண் இங்கிலாந்துக்கு 77.92, அங்கே மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி. அமெரிக்காவில் 60 சுழற்சி என்பதால் 78.26. காதுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் பழைய கருவிகள் இதைவிட வெகுவாகப் பிசகும். பார்பர் குழுவின் கிளாரினெட் கலைஞர் மான்ட்டி சன்ஷைன் 'பெத்தி ஃப்ளர்' மெட்டை அமெரிக்கக் கலைஞர் சிட்னி பெஷேயின் தட்டிலிருந்து கற்றபோது அவருடைய கருவி வேகமாக ஓடியதாகவும், அதனால்தான் பெஷே ஜி மைனரில் வாசித்ததைப் பார்பரின் குழு அரைச்சுரம் மேலே ஏ ஃபிளாட் மைனரில் வாசித்ததாகவும் சொல்வார்கள். 1956இல் பதிந்த அது 1959இல் இங்கே மூன்றாம் இடமும் அமெரிக்காவில் ஐந்தாம் இடமும் பிடித்தது. பியானோ உள்ள தட்டானால், சுருதிப் பெட்டியை வைத்துப் பியானோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்; டிரம்பெட்டை நம்ப வேண்டாம்.

அரக்குப்பெட்டி எழுதியது:

ஞாயிறன்று முதியோர் இல்லத்துக்குப் போய் வந்தேன். பத்தங்குலம் ஐயா சொன்னபடி ஒரு குறிப்பேட்டை எடுத்துச் சென்றேன். பழைய பாணித் தட்டுகளில் பல சேரிங் கிராஸ் சாலை 77ஆம் எண்ணில் இருந்த டோபெல் கடையில் வாங்கியவை என்றார். இதழ்களும் நிகழ்ச்சி நிரல்களும் இன்னொரு பெட்டியில் இருக்கின்றனவாம். அவற்றை லவ்ட்டன் நூலகக் கட்டடத்தில் இயங்கும் தேசிய ஜாஸ் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க இசைந்திருக்கிறார்.

பென்சில் கோடுகளைக் கேட்டேன். ஒவ்வொரு முறை வாசிக்கும்போதும் ஒரு கோடு போட்டிருக்கிறார். நீலக்கல் ஊசி எத்தனை பக்கம் ஓடியது என்று கணக்கு வைத்து, தேய்ந்ததும் மாற்றுவதற்காக. ஊசி வாங்கக் கையில் காசில்லாத நாட்களில் கணக்கை மீறியும் வாசித்தேன் என்று சொல்லி, பேட் பென்னி ப்ளூஸ் உறையின் கடைசி ஒன்பது கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார். அவை மற்றவற்றைவிட மெலிதாகத்தான் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் பக்கத்தைக் கேட்டேன். உரத்த டிரம்பெட் இடங்களில் எல்லாம் பள்ளச்சுவர் தேய்ந்து கரகரக்கிறது.

ஊசிமுனை எழுதியது:

தேய்ந்த ஊசி பள்ளத்தில் எந்த உயரத்தில் உரசியதோ அந்த உயரத்தில்தான் சுவர் சிதைந்திருக்கும். சற்றே சிறிய முனை, ஆயிரத்தில் 2.3 பங்கு, வைத்துப் பாருங்கள். அது சிதைவுக்குக் கீழே, தொடப்படாத சுவரில் ஓடும். உங்கள் ஊசிப்பிடி என்ன வகை என்று எழுதுங்கள், பொருந்தும் ஊசியைச் சொல்கிறேன்.